என் எம்எக்ஸ்-5 காருக்கு மஞ்சள் கோனி ஷாக்: டிராக்குக்குப் போகும் முன்னும், போய் வந்த பின்னும்

நான் மெக்கானிக் இல்லை, பந்தயக்காரனும் இல்லை. லண்டனில் கிராய்டன் பக்கம் இரட்டை மாடிப் பேருந்து ஓட்டுகிறேன். பதினோரு வருடமாக, பெரும்பாலும் மணிக்கு 20 மைலைத் தாண்டாத வேலை. அதனால்தானோ என்னவோ, 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை 2,200 பவுண்டு கொடுத்து வாங்கினேன். இரண்டே இருக்கை, துணிக்கூரை, 1.8 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இழுப்பு, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. முன்பு வைத்திருந்தவர் தலைக்குப் பின்னால், வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் பார் போட்டிருந்தார். அந்தக் கம்பியைப் பார்க்கும்போதெல்லாம், இதை ஒரு நாளாவது டிராக்கில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றும்.

காசு கட்டினால் நம் வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டவிடும் டிராக் நாள் ஒன்றைச் சென்ற மே மாதம் பிடித்துவிட்டேன். கென்ட்டில் இருக்கும் பிராண்ட்ஸ் ஹாட்ச், அதன் இண்டி சுற்று. நீளம் 1.9 கிலோமீட்டர்தான். ஆனால் 1986 வரை ஃபார்முலா ஒன் வந்துபோன மண். காசு கட்டிய இரவே வண்டியின் எம்ஓடி சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். இந்த ஊரில் வருடம் ஒருமுறை செய்யும் கட்டாயப் பரிசோதனை அது. பாஸ்தான். கீழே ஒரு வரி மட்டும்: பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் லேசான எண்ணெய்க் கசிவு.

ஷாக் போய்விட்டது என்பது நமக்குச் சட்டென்று தெரியாது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் உடம்பு பழகிக்கொள்ளும். 98,000 மைல் ஓடிய வண்டி. மோட்டார்வே பாலங்களின் இணைப்பில் ஏறினால் ஒரு தடவை குலுங்கி நிற்க வேண்டியது, மூன்று தடவை தலையாட்டிவிட்டு நிற்கும். ரவுண்டானாவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் முதலில் சாயும், பிறகு யோசிக்கும், அப்புறம்தான் திரும்பும். இதை நான் "பழைய காரின் சுபாவம்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் ஸ்பிரிங் பட்டை கட்டும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். வாட்ஸாப்பில் வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "லாரிப் பட்டை ஒண்ணுமேல ஒண்ணு கெடக்கறதால ஒரசி ஒரசியே ஆட்டம் அடங்கிப்போயிரும் கண்ணு. உங்க ஊரு சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த வேல தெரியாது. ஆட ஆரம்பிச்சா ஆடிட்டேதான் இருக்கும். அத அடக்கத்தான் ஷாக்கு." இணையத்தில் எத்தனையோ வீடியோ பார்த்தேன். ஒருவரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக். நம்ம ஊர் மெக்கானிக்குகள் அதை "ஷாக் அப்சர்வர்" என்பார்கள். ஆங்கிலப்படி தப்பு, அப்சர்வர் என்றால் கவனிப்பவர். ரோட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கிற சாமான் என்று எடுத்துக்கொண்டால் தப்பே இல்லை.

சரி, எதை வாங்குவது? டிப்போ நண்பர் ஒருவர் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், உயரம் கூட்டிக் குறைக்கிற காயிலோவர் செட் ஒன்றை மலிவாக வாங்கித் தன் வண்டியில் போட்டிருந்தார். பெயர் வேண்டாம். பார்க்க அழகு; சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல்தான் போகும். ஒரு சுற்று ஓட்டக் கொடுத்தார். வேகத்தடையில் முதுகெலும்பை எண்ணிவிடலாம். இரண்டே குளிர்காலத்தில் உயரம் மாற்றும் மரைகள் உப்பில் துருப்பிடித்து இறுகிவிட்டன, இப்போது எந்த உயரத்தையும் மாற்ற முடியாது என்று அவரே சொன்னார். அவர் விற்கத் தயாராக இருந்தார், நான் வாங்கத் தயாராக இல்லை.

கடைசியில் கோனி ஸ்போர்ட் ஷாக் நான்கும் ஐபாக் புரோகிட் ஸ்பிரிங் நான்கும் வாங்கினேன். மஞ்சள் பெயின்ட் அடித்து வருவதால் கோனி ஸ்போர்ட்டை எல்லோரும் மஞ்சள் கோனி என்றே சொல்கிறார்கள். நெதர்லாந்துக் கம்பெனி. 1857இல் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கியதாம். ரயில், பேருந்துகளுக்கும் ஷாக் செய்கிறார்கள். பேருந்துக்குச் செய்கிறவன் என்றதும் எனக்கு ஒரு தனி மரியாதை வந்துவிட்டது, மறைக்க விரும்பவில்லை. வாங்கியதற்கு உண்மையான காரணம் வேறு: இதில் ரீபவுண்ட் மட்டும் திருகி மாற்றலாம். அதாவது அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகத்தில் விரிய வேண்டும் என்பது நம் கையில். அமுங்கும் பக்கம் தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கும். முப்பது கிளிக், நாற்பது கிளிக் என்று படிபடியாகத் திருகக் கொடுத்தால் என்னைப் போன்றவன் குழம்பிப்போவான். ஒரு திருகாணி எனக்குப் போதும்.

இனி மாட்டிய கதை. இந்த விமர்சனத்தில் உங்களுக்கு ஏதாவது பயன்படும் என்றால் இந்தப் பகுதிதான்.

மச்சான் வெம்பிளியிலிருந்து வந்தார். எலக்ட்ரீஷியன்; ஆனால் ஸ்பானர் பிடிப்பதில் என்னைவிடத் தேர்ந்தவர். வீட்டு வாசலில் ஜாக்கி ஸ்டாண்டு நான்கு வைத்து வண்டியைத் தூக்கினோம். சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் இரும்புக் கைகளை விஷ்போன் என்பார்கள். முன்பக்க ஷாக்கை எடுக்க மேல் விஷ்போனின் நீளப் போல்ட்டை உருவ வேண்டும். அது அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. பழைய ஷாக்கை வெளியே எடுத்து, தண்டைக் கையால் அழுத்தினால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. திரும்ப மேலே வரவே இல்லை. பம்ப் ஸ்டாப் என்று ஒரு நுரை ரப்பர் தண்டில் கோத்திருக்கும். ஷாக் முழுக்க அமுங்கி இரும்போடு இரும்பு இடிக்காமல் தடுப்பது அதன் வேலை. நான் தொட்டதும் அது மழையில் நனைந்த ரஸ்க் மாதிரி பிய்ந்து, மஞ்சள் பொடியாக உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. நான்கில் மூன்று அப்படித்தான். 24 வருடமாக யாரும் அதைப் பார்த்ததில்லை.

இந்த வண்டியில் பம்ப் ஸ்டாப் சாதாரண விஷயம் இல்லை. முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5இல் சஸ்பென்ஷன் மேலும் கீழும் போக இடமே குறைவு. ஸ்பிரிங்கை மாற்றி ஓர் அங்குலம் இறக்கினால், அந்தக் கொஞ்ச இடத்திலும் ஓர் அங்குலம் போய்விடும். வளைவில் சாய்ந்ததும் வண்டி பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த நொடியில் அந்த மூலையில் ஸ்பிரிங்கே இல்லாததுபோல் ஆகிவிடும், டயர் சொல்லாமல் கொள்ளாமல் பிடியை விடும். பின்பக்கம் அப்படி நடந்தால் வண்டி சுழன்று போன வழியையே பார்க்கும். அதனால் குட்டையான புது பம்ப் ஸ்டாப் வாங்கிப் போட்டேன். கோனியில் ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கு இரண்டு காடி இருக்கிறது. உயரமாக நிற்கிற மேல் காடியில் வைத்தேன். வண்டி எவ்வளவு தரையோடு தரையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.

இதுவரை சுபம். அடுத்து வந்தது கேம்பர் போல்ட்.

கீழ் விஷ்போன்கள் வண்டியோடு சேரும் இடத்தில், ஒரு மூலைக்கு இரண்டு என மொத்தம் எட்டு போல்ட்டுகள். தலை வட்டமாக இல்லாமல் மையம் விலகி இருக்கும். அதைத் திருப்பினால்தான் சக்கரத்தின் சாய்வும் (கேம்பர்) நேர்வரிசையும் (டோ) மாறும். அதாவது முன்சக்கர டோ தவிர அலைன்மென்ட் முழுக்க அந்த எட்டுப் பேர் கையில். இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள். போல்ட் போய் நுழைகிற ரப்பர் புஷ்ஷின் உள்குழாயும் போல்ட்டும் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். மூன்று திரும்பின. ஐந்து அசையவில்லை. நீளமான கம்பியைப் போட்டு மச்சான் தொங்கினார். போல்ட் திரும்பவில்லை, வண்டி ஸ்டாண்டில் அசைந்தது. அதோடு நிறுத்தினோம்.

மறுபடி நாமக்கல்லுக்கு வீடியோ. நான் சுத்தியலோடு நிற்பதைப் பார்த்து அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மொத்தறதுக்கு அது என்ன வெறகா? எண்ணெய உட்டுட்டு ரெண்டு நா அப்படியே கெடக்கட்டும்." இரண்டு நாள் கிடந்தது. அதில் ஒன்று மட்டும் மனம் இரங்கியது. மிச்சம் நான்கையும் பார்த்துவிட்டு மச்சான், "மாப்ள, இது வெட்டித்தான் எடுக்கோணும்" என்றார். பிளேடு வைத்த மின்ரம்பத்தால் புஷ்ஷின் இரண்டு பக்கமும் அறுத்தோம். ஒரு போல்ட்டுக்கு நாற்பது நிமிடம், இரண்டு பிளேடு. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திய சத்தம் ரம்பத்தையும் மீறிக் கேட்டது. புது போல்ட்டும் புஷ்ஷும் போடும்போது நடுவில் நிறைய காப்பர் கிரீஸ் தடவினோம். அடுத்து இந்த வண்டியை வாங்குகிறவர் எங்களை வாழ்த்துவார்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். விஷ்போன் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது சக்கரம் தரையில் இருக்கும்போதுதான். வண்டியைத் தூக்கி வைத்தபடியே இறுக்கினால், சக்கரம் தொங்குகிற நிலையிலேயே ரப்பர் புஷ் பிடித்துக்கொள்ளும். தரையில் இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டே வாழ வேண்டும், சீக்கிரம் கிழியும். நாங்கள் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து, நெஞ்சு தரையில் உரச உள்ளே ஊர்ந்து இறுக்கினோம். பாவம் மச்சான், புது சட்டை போட்டு வந்திருந்தார்.

அலைன்மென்ட்டுக்கு முதலில் போனது வீட்டருகே ஒரு டயர் கடை. இருபது நிமிடத்தில் எல்லாம் பச்சை என்று தாளைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்சக்கர டோ மட்டும்தான் தொட்டிருக்கிறார்கள். நாங்கள் அறுத்து மாற்றிய போல்ட்டுகள் பக்கம் ஸ்பானரே போகவில்லை. கேட்டதற்கு, கேம்பர் "கம்பெனி அளவுக்குள்தான்" இருக்கிறது என்றார்கள். கம்பெனி அளவு என்பது பெரிய வயல். அதில் எங்கே நிற்கிறோம் என்பதுதானே கேள்வி. பிறகு எம்எக்ஸ்-5 மட்டுமே பார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். அங்கே இருந்தவர் முதலில் டாங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று கேட்டார், அப்புறம் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். ஒரு டன் வண்டியில் 82 கிலோ ஆள் ஒரே பக்கம் உட்கார்ந்தால் அளவு மாறும் என்பதால். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேம்பர் முன்னால் மைனஸ் 1.2 டிகிரி, பின்னால் மைனஸ் 1.6, முன் டோ பூஜ்யம், பின்னால் கொஞ்சம் உள்நோக்கி. 110 பவுண்டு வாங்கினார். மொத்தச் செலவில் எனக்கு வலிக்காத காசு அதுதான்.

பட்டறையிலிருந்து வீடு திரும்பிய அந்த 25 மைலில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இத்தனை நாள் என்ன ஓட்டிக்கொண்டிருந்தேன்? ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்புகிறது. அவ்வளவுதான். ஆனால் நடுவே இருந்த அந்த யோசனை காணோம். மேடு ஏறி இறங்கினால் ஒரே அசைவு, பிறகு அமைதி. ஷாக் முழு மென்மையிலிருந்து அரைச் சுற்றுதான் இறுக்கியிருந்தேன். பழசைவிடக் கடினமாக இருக்கும் என்று பயந்தேன், இல்லை. சின்னச் சின்ன விரிசல்களில் கொஞ்சம் தெரியும், பெரிய பள்ளத்தில் பழசைவிட மேல்.

டிராக் நாள். காலை ஏழே முக்காலுக்குக் கதவு. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, சத்த அளவு பார்த்து, விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்து, கையில் பட்டை கட்டிக்கொண்டேன். இது பந்தயம் இல்லை என்று மூன்று தடவை சொன்னார்கள். நேரம் அளக்கக் கூடாது. முன்னால் போகிறவர் வழிவிட்டால்தான் முந்தலாம். முதலில் மெதுவாக மூன்று சுற்று, அப்புறம் உங்கள் பாடு.

பிராண்ட்ஸ் ஹாட்ச்சின் முதல் வளைவு பேடக் ஹில். படத்தில் பார்த்தால் ஒரு வலது திருப்பம், அவ்வளவுதான். நேரில், திருப்பத் தொடங்கும் இடத்தில் வளைவின் மறுபக்கம் தெரியாது. திருப்பிய பிறகு தரை கீழே போய்விடும். கரண்டு போன இரவில் மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்து, இன்னும் ஒரு படி இருந்தால் வயிறு ஒன்று செய்யுமே, அது. அடுத்த நொடி அடிப்பள்ளத்தில் வண்டி அமுங்கும், உடனே ட்ரூயிட்ஸ் கொண்டைஊசியை நோக்கி ஏற்றம். சஸ்பென்ஷனைச் சோதிக்க வேண்டும் என்றே யாரோ செதுக்கியதுபோல் இருக்கிறது.

இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். டிராக் என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்த நினைப்பில், காலையிலேயே நான்கு ஷாக்கையும் ஒன்றரைச் சுற்றுக்கு ஏற்றிவிட்டேன். முதல் இருபது நிமிடம் பயத்தில் மெதுவாக ஓட்டியதால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது முறை கொஞ்சம் துணிந்து பேடக் ஹில்லில் நுழைந்தேன். தரை கீழே போனது, பின்பக்கம் தனியாகக் கிளம்பியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பியது நான் இல்லை, என் கை. இரண்டு சக்கரம் புல்லில் ஏறி, ட்ரூயிட்ஸுக்கு நான் போன வேகத்தில் என் 109 நம்பர் பேருந்தே போயிருக்கும்.

வண்டிகள் நிற்கும் பிட்டுக்கு வந்து ஒரு பயிற்சியாளரைக் கூடவே ஏற்றிக்கொண்டேன். இருபது நிமிடத்துக்குத் தனிக் கட்டணம், கொடுக்கலாம். இரண்டு சுற்று வந்ததும் ஷாக்கில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் விளக்கியது இது: தரை கீழே போகும்போது சக்கரமும் கூடவே கீழே போக வேண்டும். ரீபவுண்டை ஏற்றினால் ஷாக் சக்கரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே விடாது. டயருக்குத் தரையில் அழுத்தம் இல்லை என்றால் பிடி எங்கிருந்து வரும்? நான் காசு கொடுத்து வாங்கிய திருகாணியை வைத்து நானே என் டயரைத் தூக்கிவிட்டிருக்கிறேன்.

கோனியின் மிகப் பெரிய வசதி எனக்கு அந்த மதிய இடைவேளையில்தான் புரிந்தது. முன்னால் பானெட்டைத் திறந்தால் ஷாக்கின் தலை. பின்னால் டிக்கிக்குள் ஓரத் துணியை விலக்கினால் மற்ற இரண்டு. கூட வரும் சின்னக் குமிழைத் தலையில் செருகித் திருகினால் முடிந்தது. ஜாக்கி வேண்டாம், ஸ்பானர் வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே முன்னால் முக்கால் சுற்று, பின்னால் அரைச் சுற்று என்று இறக்கினேன். டயர் சூட்டில் காற்றழுத்தம் ஐந்து பிஎஸ்ஐ ஏறியிருந்தது, அதையும் இறக்கினேன்.

மதியம் வேறு வண்டி. பேடக் ஹில்லில் அதே வயிறு, ஆனால் நான்கு சக்கரமும் தரையோடு இறங்கின. பள்ளத்தில் அமுங்கி, பம்ப் ஸ்டாப்பை மெல்லத் தொட்டதுகூட இருக்கையில் தெரிந்தது, பதறாமல் எழுந்தது. கிரஹாம் ஹில் வளைவில் பின்பக்கம் நழுவினாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு நழுவியது. அதற்கு மேல் என்ன வேகம் போனேன் என்று கேட்காதீர்கள். என்னை ஒரு டீசல் வேகன் முந்திப் போனது. உள்ளே குழந்தை இருக்கை இருந்தது.

கணக்கு: ஷாக் 620, ஸ்பிரிங் 190, பம்ப் ஸ்டாப்பும் மேல் ரப்பர்களும் 145, போல்ட் புஷ் 160, அலைன்மென்ட் 110, பிரேக் எண்ணெயும் முன் பேடும் 85. மொத்தம் 1,310 பவுண்டு, வண்டி விலையில் பாதிக்கு மேல். இன்சூரன்ஸ்காரர்களுக்கு மாற்றங்களைச் சொல்ல வேண்டும், சொன்னேன். வருடத்துக்கு 38 பவுண்டு கூட்டினார்கள். டிராக்கில் இடித்தால் சாதாரண பாலிசி செல்லாது, அதற்கு ஒருநாள் பாலிசி தனி.

முதல் டிராக் நாளுக்கு முன் இதெல்லாம் தேவையா என்று டிப்போவில் கேட்கிறார்கள். உங்கள் ஷாக் நன்றாக இருந்தால், தேவையே இல்லை. பிரேக் எண்ணெயை மாற்றிவிட்டு அப்படியே போங்கள், மிச்சக் காசில் பயிற்சியாளரை வையுங்கள். என்னுடையதுபோல் செத்த ஷாக் என்றால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அப்போது இந்த மஞ்சள் கோனியைத் தாராளமாக வாங்கலாம். ஸ்பிரிங் மாற்றியது பாதி ஆசைக்கு, ஒப்புக்கொள்கிறேன். இருபது வருடம் தாண்டிய வண்டி என்றால், எதையும் ஆர்டர் செய்யும் முன் அந்த எட்டு போல்ட்டில் ஸ்பானரை வைத்துப் பாருங்கள். உங்கள் பட்ஜெட் அங்கேதான் இருக்கிறது.

டிராக்கிலிருந்து வந்தபின் ஒரு வாரம் பேருந்தில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் காற்றை விட்டு வண்டியைக் குனிய வைக்கும்போதெல்லாம் பேடக் ஹில் ஞாபகம்தான். சனிக்கிழமை மகளைத் தமிழ்ப் பள்ளிக்கு எம்எக்ஸ்-5இல் கூட்டிப்போவேன். வழியில் ஒன்பது வேகத்தடை. டிராக்குக்கு முந்தைய நாள் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு அப்படியே கூட்டிப்போனதில் சாம்பார் டப்பா அவள் மடியில் கொட்டிவிட்டது. ஷாக்கின் குற்றம் இல்லை, என் குற்றம். அதிலிருந்து சீட் பெல்ட்டை மாட்டும் முன் கேட்கிறாள்: "அப்பா, இன்னைக்கு டைட்டா, லூசா?"